வீதி உப்பும் காரின் கறளும்: ஒரு தொடக்க விளக்கம்

மார்ச் மாதக் கடைசியில், பனிக்கால ரயர்களைக் கழற்றிக் கோடைக்கால ரயர்களைப் போடுவதற்காக, ஸ்காபரோவில் நான் வழக்கமாகப் போகும் கராஜுக்குக் காரைக் கொண்டு சென்றிருந்தேன். ஒன்பது ஆண்டுகள் ஓடிய கார். மேலே பெயின்ற் மங்கவில்லை. கதவுகளில் ஒரு புள்ளிகூட இல்லை. பார்த்தவர்கள் நான்கைந்து வயதுக் கார் என்றே நினைப்பார்கள். மெக்கானிக் அதை லிஃப்ற்றில் உயர்த்திவிட்டு, “தம்பி, இஞ்ச வந்து பாரும்” என்று கூப்பிட்டார். கதவுகளுக்குக் கீழே முன்சில்லிலிருந்து பின்சில்லு வரை ஓடும் நீண்ட பெட்டி போன்ற பகுதியை, கையிலிருந்த ஸ்குறூ டிறைவரின் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். முன்பக்கத்தில் ‘டங், டங்’ என்று கேட்ட ஒலி, பின்சில்லுக்கு ஒரு சாண் முன்னால் ‘பொத்’ என்று மாறியது. அந்த இடத்தில் முனையை வைத்து அழுத்தினார். தேநீரில் ஊறிய பிஸ்கற்றுக்குள் போவது போல அது உள்ளே போனது. திரும்ப இழுத்தபோது செங்கல் நிறத் தூளும் ஈரமண்ணும் அவருடைய சட்டைக் கையில் கொட்டின.

அந்தக் காரை நான் கழுவாமல் விட்டதில்லை. ஆனால் கழுவியதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பகுதியைத்தான். கார் உள்ளிருந்து வெளியே உக்கிக்கொண்டு வந்ததை அன்றுதான் புரிந்துகொண்டேன். கனடாவுக்குப் புதிதாக வந்து முதல் காரை வாங்குகிறவர்களுக்கும், நாளாந்தம் வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் ஒரே காரை ஓட்டுகிறவர்களுக்கும் இந்த விடயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால், அடிப்படையிலிருந்து விளக்கமாக எழுதுகிறேன். நாங்கள் கறள் என்பதும் தமிழ்நாட்டில் துரு என்பதும் ஒன்றேதான். வீதி உப்பு என்பது, பனிக்காலத்தில் வீதி உறைந்து வழுக்காமல் இருப்பதற்காக அதன் மேல் கொட்டப்படும் உப்பு.

இரும்பு கறள் பிடிப்பதற்கு நீரும் ஒட்சிசனும் சேர்ந்து வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கறள் இல்லை. ஈரமான இரும்புத் தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் இலத்திரன்களை இழந்து நீரில் கரைகின்றன. அந்த இலத்திரன்கள் தகட்டின் வழியாகவே இன்னோரிடத்துக்கு ஓடி, அங்கே நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனைச் சேருகின்றன. அதாவது, மிகச் சிறிய பற்றரி ஒன்று தகட்டின் மேல் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. பற்றரிக்குள்ளே அமிலம் இருந்தால்தான் மின் ஓடும் என்பது போல, இங்கும் அந்த இரண்டு இடங்களையும் இணைப்பதற்கு மின்னைக் கடத்தும் ஒரு திரவம் தேவைப்படுகிறது. மழைநீர் அந்த வேலையைச் சுணக்கமாகத்தான் செய்யும். உப்பு கரைந்த நீர் மிக நன்றாகச் செய்யும். அதோடு உப்பிலுள்ள குளோரைட்டு, உலோகத்தின் மேல் இயல்பாகப் படியும் மெல்லிய காப்புப் படலத்தையும் உடைத்துவிடுகிறது.

இதில் பெரும்பாலானோர் கவனிக்காத ஒன்று உண்டு. கறள் உண்டாகும்போது உப்பு செலவாகிப் போவதில்லை. தை மாதத்தில் தகட்டின் மடிப்புக்குள் போன உப்பு, கழுவி வெளியேற்றப்படும் வரையில், ஆனியிலும் ஆடியிலும் ஈரம் படும் ஒவ்வொரு முறையும் மீண்டும் வேலைக்கு இறங்குகிறது. பனி போய்விட்டது, ஆகவே ஆபத்தும் போய்விட்டது என்று எண்ணுவது இதனால்தான் தவறு. மேலும், செம்பின் மேல் படியும் களிம்பு அடியிலுள்ள செம்பைக் காப்பது போல, கறள் இரும்பைக் காப்பதில்லை. அது பொருக்குப் பொருக்காகப் பருத்து, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடித்து, இரண்டு தகடுகள் சேரும் மூட்டை நெம்பிப் பிளந்து, புதிய உப்புநீர் உள்ளே போக வழி செய்து கொடுக்கிறது.

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில், ஹியூறன் ஏரிக்கரையிலுள்ள கொடரிச் என்ற ஊரில், ஏரிக்கு அடியிலே உலகின் மிகப் பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம் இருக்கிறது. 1866இல் அங்கே எண்ணெய் தேடித் துளையிட்டவர்களுக்குக் கிடைத்தது உப்பு. அந்தக் கல்லுப்புத்தான் இன்று பெரிய ஏரிகளைச் சுற்றியுள்ள நகரங்களின் வீதிகளில் கொட்டப்படுகிறது. கனடா முழுவதிலும் ஆண்டுக்குச் சுமார் 50 இலட்சம் தொன் வீதி உப்பு பயன்படுத்தப்படுவதாக மத்திய அரசின் 2001ஆம் ஆண்டு மதிப்பீடு கணக்கிட்டது. ஆறுகளுக்கும் மண்ணுக்கும் அது கேடு விளைவிக்கிறது என்றும் அதே மதிப்பீடு முடிவுகட்டியது. ஆயினும் உப்பை நிறுத்தினால் வீதியில் உயிர்கள் போகும் என்பதால், அதைக் குறைத்துப் பயன்படுத்தலாமே தவிர முற்றாக விட முடியவில்லை. நாம் அதனோடு வாழத்தான் வேண்டும்.

நீரில் உப்பைக் கலந்தால் அது உறையும் வெப்பநிலை இறங்குகிறது. நூற்றுக்கு 23 பங்கு அளவில் சாதாரண உப்பு கரைந்த நீர், மறை 21 பாகை செல்சியஸ் வரை உறையாது. ஆனால் வீதியில், ஏறத்தாழ மறை 10 பாகைக்குக் கீழே போகும்போதே அதன் வேகம் குறைந்துவிடுவதால், கடுங்குளிர் நாட்களில் கல்சியம் குளோரைட்டு, மக்னீசியம் குளோரைட்டு ஆகியவற்றையும் சேர்க்கிறார்கள். காருக்கு இவைதான் இன்னும் கெட்டவை. ஏன் என்பதற்கு எங்கள் ஊர் அடுப்படியிலேயே விடை உண்டு. மாரி காலத்தில் உப்புச் சாடிக்குள் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆனாலும் உப்பு கசிந்து சாடியின் அடியில் நீர் தேங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மற்ற இரண்டு உப்புகளுக்கும் நூற்றுக்கு முப்பது, முப்பத்தைந்து இருந்தாலே போதும். ஆகவே வெயிலில் நின்று, தொட்டால் காய்ந்திருக்கும் காரின் மடிப்புகளுக்குள்ளே உப்பு மட்டும் ஈரமாகவே இருக்கும்.

பனி பொழியப் போகிறது என்ற அறிவிப்பு வந்ததும் நெடுஞ்சாலையில் தண்டவாளம் போல நீண்ட வெள்ளைக் கோடுகள் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது முன்கூட்டியே தெளிக்கப்பட்ட உப்புக்கரைசல். வீதியைப் பொறுத்தவரையில் அது நல்ல முறை: குறைந்த உப்பில் நிறைந்த பயன். காரைப் பொறுத்தவரையில், கல்லுப்புப் போலத் தட்டித் தெறித்துப் போகாமல், திரவமாகவே நுண்ணிய இடுக்குகளுக்குள் ஏறிவிடுகிறது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கணக்கு தெளிவாகும். காரைக் கறளிலிருந்து காப்பது என்பது, உப்பு ஈரம் வெறும் இரும்பைத் தொட்டபடி இருக்கும் மணித்தியாலங்களைக் குறைப்பது. இனிச் சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும், ஒன்றில் உப்பை வெளியேற்றுகிறது, அல்லது ஈரத்தை விலக்குகிறது, அல்லது இரும்புக்கும் அந்த ஈரத்துக்கும் நடுவே ஒரு படலத்தை வைக்கிறது. யாராவது ஒரு பொருளை விற்க வந்தால், இது இந்த மூன்றில் எதைச் செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த மணித்தியாலக் கணக்கில் வெப்பமும் ஒரு பெரிய பங்கை எடுக்கிறது. கறள் ஓர் இரசாயன மாற்றம். குளிரில் மெதுவாகவும் சூட்டில் வேகமாகவும் நடக்கும். மறை 15 பாகையில் இரவு முழுவதும் வெளியே நிற்கும் காரில் அந்த வேலை மிகவும் மந்தமாகவே நடக்கிறது. அதே காரை, உப்புச் சேறு ஒட்டியபடியே, அடுக்குமாடிக் கட்டடத்தின் சூடேற்றப்பட்ட நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்குள் கொண்டுபோய் விட்டால், சில்லு வளைவுக்குள் இறுகியிருந்த பனி உருகி, உப்புநீராகி, இரவிரவாக இதமான சூட்டில் தகட்டை அரிக்கிறது. வெளியே நிறுத்தப்படும் காரைவிட உள்ளே நிறுத்தப்படும் கார் கூடுதலாகக் கறள் பிடிப்பதை இந்த ஊரில் பலர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். அதற்காகக் காரைக் குளிரில் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சூடான தரிப்பிடம் உள்ளவர்கள்தான் மற்றவர்களைவிட அடிக்கடி அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும். சில்லு வளைவுகளில் தொங்கும் பனிக்கட்டிகளை உள்ளே போகுமுன் உதைத்து விழுத்திவிடுவதுகூட உதவும்.

தொழிற்சாலையிலிருந்து வரும் கார் பாதுகாப்பில்லாமல் வருவதில்லை. இன்றைய கார்களின் உடல் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள உருக்கு. அதன் மேல் நாகப் (துத்தநாகப்) பூச்சு, அதற்கு மேல் காரின் முழு உடலையும் தொட்டிக்குள் அமிழ்த்தி மின்னூட்டத்தால் படியச் செய்யும் அடிப்பூச்சு, பிறகு நிறம், கடைசியில் ஒளிபுகும் மேற்பூச்சு. நாகம் செய்யும் வேலை வியப்பானது. கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், அருகிலுள்ள நாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். எங்கள் கிணற்றடி வாளி இத்தனை ஆண்டுகள் நீரில் கிடந்தும் நின்றதற்குக் காரணம் அந்தப் பூச்சுத்தான். ஆனால் தன்னைக் கொடுத்துக் காக்கிற பொருள் என்றைக்கோ ஒரு நாள் தீர்ந்துபோகும். அத்தோடு, தகடுகளைப் பொட்டுப் பொட்டாக ஒட்டும் இடங்களிலும், வெட்டப்பட்ட விளிம்புகளிலும், பெட்டி போன்ற மூடிய பகுதிகளின் உட்பக்கத்திலும் இந்தப் பூச்சுகள் மெல்லியவையாகவே இருக்கும். உப்பும் சரியாக அந்த இடங்களில்தான் போய்த் தங்கும்.

என் காரில் ஓட்டை விழுந்த அந்த நீண்ட பெட்டியைக் கராஜ்களில் றொக்கர் பனல் என்பார்கள். அதன் அடியில் சுண்டுவிரல் நுனி அளவிலான சிறு வடிகால் துளைகள் உண்டு. கதவுகளின் அடிவிளிம்பிலும் அப்படியே. கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது இந்தத் துளைகளால் வெளியேற வேண்டும். இலைத்தூளும் மண்ணும் துளையை அடைத்துவிட்டால் கதவே ஒரு தொட்டியாகிவிடும். ஆண்டுக்கு இரண்டு தடவை, கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்ரிக் குச்சியால் ஒவ்வொரு துளையையும் குத்தித் திறந்து பாருங்கள். காசு செலவில்லாத, பத்து நிமிட வேலை. நான் அறிந்தவரையில் இதைவிடப் பயன் தரும் வேறொரு பத்து நிமிடம் கார் பராமரிப்பில் இல்லை.

அடுத்தது பின்சில்லு வளைவின் உள்விளிம்பு. வெளியே அழகாக வளைந்திருக்கும் தகடு, உள்ளே சிறு மடிப்பாகத் திரும்பியிருக்கும். அந்த மடிப்பில் விரலை ஓட்டினால் உப்பும் மணலும் கலந்த சேறு பற்றுப் போட்டது போல அப்பியிருப்பது தெரியும். பற்று ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெளியே ஒரு வாரம் வெயில் அடித்தாலும் அது காயாது. இவை தவிர, இயந்திரத்தையும் சில்லுத் தண்டுகளையும் தாங்கும் சப்ஃபிறேம், சுருள்வில்லின் அடி இருக்கை, பெற்றோல் தாங்கிக்குப் போகும் குழாயின் கழுத்து, டிக்கிக் கதவின் கீழ்மடிப்பு ஆகியவையும் பார்க்க வேண்டிய இடங்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் முதலில் பார்க்க வேண்டியது பிறேக் குழாய்களை. றொக்கர் பனலில் ஓட்டை விழுந்தால் காரின் விலை போகும்; பிறேக் குழாயில் ஓட்டை விழுந்தால் உயிர் போகலாம். பெடலை மிதிக்கும்போது உண்டாகும் அழுத்தத்தைச் சில்லுகளுக்குக் கொண்டுபோவது, பென்சிலைவிட மெல்லிய ஓர் உருக்குக் குழாய். அதன் சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. அது காரின் அடியில் முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. அதைப் பிடித்து வைக்கும் பிளாஸ்ரிக் கொளுக்கிகளுக்குள் உப்புச் சேறு தங்கி, பெரும்பாலும் அந்த இடத்திலேயே குழாயைத் தின்கிறது. மெதுவாக ஓட்டும்போது தாங்கும் குழாய், திடீரென்று முழுப்பலத்தோடு மிதிக்கும் நாளில் வெடிக்கும். எல்லாக் கார்களிலும் பிறேக் இரண்டு தனித்தனி வழிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒன்று வெடித்தாலும் மற்றது வேலை செய்யும். ஆனால் பெடல் தரை வரை இறங்கும், கார் நிற்பதற்கு எடுக்கும் தூரமும் பெரிதும் கூடிவிடும். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2015இல் இதைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கையை வெளியிட்டு, உப்புப் பிரதேசங்களில் பழைய வாகனம் வைத்திருப்போர் அடிப்பக்கத்தைக் கழுவி, குழாய்களைப் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. ஏழு, எட்டு ஆண்டுகளைக் கடந்த கார் என்றால், ஒவ்வொரு ரயர் மாற்றத்தின்போதும் “பிறேக் லைனைப் பாருங்கோ” என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாற்ற வேண்டி வந்தால் செம்பும் நிக்கலும் கலந்த குழாயைப் போடச் சொல்லுங்கள். உப்பு அதை எளிதில் தொடாது, வளைத்துப் பொருத்துவதும் இலகு.

இனிக் கழுவும் முறை. பனிக்காலத்தில் பத்து, பதினைந்து நாட்களுக்கு ஒரு தடவை, அடிப்பக்கத்துக்கு நீர் பீய்ச்சும் வசதியுள்ள கழுவுமிடத்துக்குப் போவது நல்லது. வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஏறும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் வீதியில் உப்புக் குழம்பு ஓடும். சில்லு வளைவில் இறுகியிருந்த கட்டிகளும் இளகி விழும். கடுங்குளிரில் கழுவினால் கதவுப் பூட்டும் றப்பர் விளிம்புகளும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். நாணயம் போட்டு நாமே பீய்ச்சுக் குழாயைப் பிடித்துக் கழுவும் இடமானால், பணத்தில் பாதியைச் சில்லு வளைவுகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் செலவிடுங்கள். குழாயின் முனையைத் தரையோடு சேர்த்துப் பிடித்து, மேல்நோக்கி, பின்னிருந்து முன்னாகவும் முன்னிருந்து பின்னாகவும் மெதுவாக ஓட்ட வேண்டும். வழியும் நீர் முதலில் சாம்பல் நிறமாகவும் கலங்கலாகவும் வரும். தெளிந்து வரும் வரையில் விடாதீர்கள். சவர்க்காரம் அடிப்பக்கத்துக்குத் தேவையில்லை. உப்பைக் கரைக்க நீரே போதும். அதிக அழுத்தத்தோடு மின் இணைப்புகளுக்கு நேரே கிட்டவைத்துப் பீய்ச்சுவதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

கழுவுவதால் மட்டும் மூடிய பெட்டிகளின் உட்பக்கத்தைக் காக்க முடியாது. அங்கே எண்ணெய்தான் போக வேண்டும். ஊரில் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடற்கரைக் காற்று படும் ஊர்களில், மழை நனைந்த சைக்கிளைத் துடைத்து, தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து துணியால் பூசிவிடுவோம். மண்ணெண்ணெய் எண்ணெயை இடுக்குகளுக்குள் கொண்டுபோகும், எண்ணெய் நீரை அண்டவிடாது. இங்கே ரஸ்ற் புறூஃபிங் என்ற பெயரில் ஆண்டுதோறும் செய்யப்படும் எண்ணெய்த் தெளிப்பின் தத்துவமும் அதுவே. ஒன்ராறியோவில் க்ரவுன், ரஸ்ற் செக் போன்ற நிறுவனங்கள் இதையே தொழிலாகச் செய்கின்றன. சாதாரணக் காருக்கு 150 முதல் 200 டொலர் வரை முடியும். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பான லனோலினை அடிப்படையாகக் கொண்ட தெளிப்புகளும் உண்டு. அவை எண்ணெயைவிடத் தடிப்பாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் நீர் அடித்துக்கொண்டே இருக்கும் அடிப்பக்கத்துக்கு அவையும், மெல்லிய எண்ணெய் ஊர்ந்து பரவும் என்பதால் மூடிய பெட்டிகளுக்கு எண்ணெயும் பொருத்தமானவை என்பது என் கணிப்பு.

செய்யும் விதத்தை ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கதவுத் தூண்களிலும் றொக்கர் பனலிலும் உள்ள துளைகளுக்குள், தேவையானால் புதிதாகச் சிறு துளை போட்டு, நீண்ட மெல்லிய குழாயை நுழைத்து, பின்னோக்கி இழுத்துக்கொண்டே எண்ணெயைப் புகை போலத் தெளிப்பார்கள். சிறிது நேரத்தில், அடியிலுள்ள வடிகால் துளைகளாலும் தகட்டு மூட்டுகளாலும் எண்ணெய் சொட்டத் தொடங்கும். எண்ணெய் மூட்டுக்குள் முழுவதுமாக ஊர்ந்திருக்கிறது என்பதற்கு அந்தச் சொட்டுத்தான் சான்று. இரண்டொரு நாள் சொட்டும். தரிப்பிடத்தில் ஒரு காட்போட் மட்டையை விரித்துவிடுங்கள். புகைக்குழாயில் பட்ட எண்ணெய் காய்ந்து தீரும் வரை சிறிது மணமும் வரும். புதிதாகத் துளை போட்டால், அதற்குரிய பிளாஸ்ரிக் மூடியைப் போட்டார்களா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறேக் தட்டுகளில் எண்ணெய் படாமல் மறைத்தே தெளிக்க வேண்டும். மின்சாரக் கார் என்றால், உயர் அழுத்த மின்வடங்களையும் இணைப்புகளையும் விலக்கித் தெளிக்கத் தெரிந்தவர்களிடம் மட்டும் கொடுங்கள். மின்சாரக் காரும் பெரும்பாலும் உருக்கினால் ஆனதுதான், அதற்குக் கறள் வராது என்பது வெறும் நம்பிக்கை.

இலையுதிர் காலத் தொடக்கத்தில், உப்பு விழுவதற்கு முன்பு, காய்ந்த கழுவிய காருக்கு அடிப்பது மிக நல்லது. ஆனால் அந்த நேரம் தவறிவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோடையில் எண்ணெய் இளகியிருப்பதால் இடுக்குகளுக்குள் இன்னும் ஆழமாக ஊரும். புதிய கார் என்றால் முதலாவது அல்லது இரண்டாவது ஆண்டிலேயே தொடங்குங்கள். கறள் பிடித்த பிறகு அடிக்கும் எண்ணெய் அதன் வேகத்தைக் குறைக்கும். போன தகட்டைத் திருப்பித் தராது.

கார் வாங்கும்போது விற்பனை மேசையில் வேறு இரண்டு பொருட்களை முன்வைப்பார்கள். ஒன்று, அடிப்பக்கத்தில் தார் போலத் தடிப்பாகப் பூசும் கறுப்பு றப்பர்ப் பூச்சு. புதிதில் அது பார்வைக்கு மிக உறுதியாகத் தெரியும். சில ஆண்டுகளில் குளிரிலும் கல்லடியிலும் வெடிப்பு விழுந்ததும், வெடிப்பால் நுழைந்த உப்புநீர் பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே சிறைப்பட்டு, யாருக்கும் தெரியாமல் தகட்டைத் தின்றுவிடும். மேலே தட்டினால் றப்பர் அப்படியே இருக்கும். உள்ளே இரும்பு இருக்காது. இரண்டாவது, பற்றரியோடு இணைத்துவிட்டால் காரைக் கறள் அண்டாது என்று சொல்லி விற்கும் சிறு மின்பெட்டி. கப்பல்களிலும் நிலத்தடிக் குழாய்களிலும் மின்னால் கறளைத் தடுக்கும் முறை உண்மையில் உண்டு. அங்கே அது பலிப்பதற்குக் காரணம், கப்பல் கடல்நீரிலும் குழாய் ஈரமண்ணிலும் முழுமையாக அமிழ்ந்திருப்பதால், மின் சுற்றிவர வழி இருக்கிறது. கார் காற்றில் நிற்கிறது. ஈரம் திட்டுத்திட்டாகவே படுகிறது. அந்த மின்சுற்று முழுமையாவதில்லை. அந்தப் பணத்தை ஆண்டுதோறும் எண்ணெய் அடிப்பதற்கு ஒதுக்குங்கள் என்றே நான் யாருக்கும் சொல்வேன்.

உற்பத்தியாளர் தரும் கறள் உத்தரவாதத்தையும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில், தகட்டை உள்ளிருந்து ஊடுருவி ஓட்டை விழுந்தால் மட்டுமே அது செல்லும். மேற்பரப்புக் கறளும் கல்லடியால் வந்ததும் அதில் அடங்காது.

கல்லடிபட்ட சிறு புள்ளிகளைக் காணும்போதே கவனித்துவிடுவது எளிது. காரின் நிற எண், பெரும்பாலும் ஓட்டுநர் கதவுத் தூணிலுள்ள வில்லையில் இருக்கும். அந்த எண்ணுக்குரிய சிறு பெயின்ற் போத்தலை வாங்கி, புள்ளியைக் கழுவிக் காயவைத்து, கறள் தொடங்கியிருந்தால் மெல்லிய மண்தாளால் சுரண்டி, அடிப்பூச்சும் நிறமும் வைக்கலாம். அழகாக வராவிட்டாலும் பரவாயில்லை. நீர் போகாமல் மூடினால் போதும்.

காருக்கு உள்ளேயும் உப்பு வருகிறது, சப்பாத்தோடு. கால்மிதியில் உருகும் பனி கார்ப்பெற்றுக்குள் இறங்கி, அதன் அடியிலுள்ள பஞ்சில் ஊறி, அங்கே ஓடும் மின்வடங்களின் இணைப்புகளையும் தரைத் தகட்டையும் மாதக்கணக்கில் நனைத்து வைத்திருக்கும். விளிம்பு உயர்ந்த றப்பர் மிதிகளைப் போட்டு, தேங்கும் நீரை வெளியே கொட்டிவிடுவது போதுமான பாதுகாப்பு. ஏற்கெனவே படிந்த வெள்ளைக் கறைக்கு, வினாகிரியும் வெந்நீரும் சம அளவில் கலந்து துணியால் ஒற்றி எடுக்கலாம்.

பிறேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான் முன்னும் பின்னும் நகர்வதற்குச் சிறு ஊசிகள் உண்டு. அவை உப்பால் இறுகினால் பிறேக் கட்டை ஒரு பக்கம் மட்டும் தேயும். ஆண்டுக்கு ஒரு தடவை கழற்றித் துப்புரவாக்கி, அதற்குரிய கிறீஸ் பூசச் சொல்லுங்கள். வேகம் குறையும்போது மோட்டரே காரை நிறுத்தும் மின்சாரக் கார்களிலும், மின்சாரமும் பெற்றோலும் சேர்ந்து ஓட்டும் கலப்புக் கார்களிலும் பிறேக் தட்டு அதிகம் உரசப்படுவதில்லை என்பதால், அவற்றில் இந்த வேலை இன்னும் அவசியமாகிறது.

ஏற்கெனவே கறள் கண்ட காரை என்ன செய்வது? மேற்பரப்பில் தேநீர் நிறத்தில் படிந்திருக்கும் மெல்லிய கறளைக் கண்டு பயப்பட வேண்டாம். இந்த நாட்டில் ஓடும் எல்லாக் கார்களின் தடித்த அடிப்பாகங்களிலும் அது உண்டு. பொருக்கெழுந்து உதிரும் கறள் என்றால் கம்பித் தூரிகையால் தேய்த்து, உறுதியான உலோகம் தெரிந்த பிறகு, கறளை மாற்றும் திரவத்தைப் பூசலாம். அதிலுள்ள தனின் அமிலம் மிஞ்சிய கறளைக் கறுப்பான, உறுதியான ஒரு சேர்மமாக மாற்றும்; அதன் மேல் பெயின்ற் அல்லது எண்ணெய். பெயின்ற் கொப்புளம் போல் எழுந்திருந்தால், அது உள்ளிருந்து வந்தது என்று பொருள். மேலே சுரண்டிப் பூசினால் அடுத்த ஆண்டு அதே இடத்தில் மீண்டும் எழும். ஓட்டை விழுந்திருந்தால் தகடு வெட்டி ஒட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. பசையும் வலைத்துணியும் வைத்து மூடிப் பெயின்ற் அடித்துத் தரும் வேலை, விற்கப் போகிறவருக்கு உதவுமே தவிர அதற்குள் இருந்து பயணிக்கிறவருக்கு உதவாது. றொக்கர் பனல் காரின் உடலைத் தாங்கும் உறுப்புகளில் ஒன்று. பக்கவாட்டு மோதலில் கதவுக்குக் கீழே நம்மைக் காப்பது அதுதான். சப்ஃபிறேமிலோ சுருள்வில்லின் இருக்கையிலோ ஓட்டை கண்டால், கணக்குப் பார்க்க வேண்டியது திருத்தச் செலவையும் காரின் விலையையும் ஒப்பிட்டு. பார்க்கும் வரை அந்தக் காரை நெடுஞ்சாலையில் ஏற்றக் கூடாது.

என் காரில், உக்கிய பகுதியை வெட்டி எடுத்து, புதிய தகட்டை ஒட்டி, உள்ளே எண்ணெய் அடித்தோம். அதன் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும், கடைசிப் பனி கரைந்து ஒரு நல்ல மழை வீதியைக் கழுவிய பின்பு, தோட்டக் குழாயை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிவிடுவேன். நான்கு சில்லு வளைவுகளின் மடிப்பையும் விரலால் தடவிச் சேற்றைக் கிளறி எடுத்து, கதவுகளின் அடித்துளைகளைக் குச்சியால் குத்தி, றொக்கர் பனலின் முன்துளையில் மெல்லிய நீர்த்தாரையை வைத்துப் பிடிப்பேன். பின்பக்கத் துளையால் முதலில் வருவது மண்ணிறம். பிறகு மணல். ஐந்தாறு நிமிடம் பொறுத்தால் தெளிந்த நீர் வரத் தொடங்கும். அன்று பகல் முழுவதும் நான்கு கதவுகளையும் திறந்து வெயிலில் காயவிடுவேன். அந்த ஆண்டுக்குரிய எண்ணெய் அதன் பிறகுதான்.